இனிப்பில்லாத ஒயிட் ஒயின் சுகர் நோயாளிக்கு ஆகாதா?

"இனிப்பே இல்லை டாக்டர், நானே ருசி பார்த்துத்தான் கொடுத்தேன்" என்கிறார் மகன். பாம்பன் பக்கத்துக் குடும்பம், கப்பல் வேலையிலிருந்து விடுமுறைக்கு வந்தவர் கொண்டுவந்த பிரெஞ்சு ஒயிட் ஒயின். அப்பா சுகருக்குக் கிளிமிபிரைடு என்ற மாத்திரை போடுகிறவர். மாத்திரையைப் போட்டுவிட்டு, இரண்டு துண்டு பொரித்த மீனோடு அரை பாட்டிலைக் குடித்து, சோறு வேண்டாமென்று படுத்திருக்கிறார். ராத்திரி வியர்த்துக்கொட்டி உளறியதைப் போதை என்று விட்டுவிட்டார்கள். எங்களிடம் கொண்டுவந்தபோது சர்க்கரை 38. இப்படி எத்தனை பேரைப் பார்ப்பது?

அந்த ஒயினில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பிரான்சின் போர்டோ பகுதியில் சோவினியோன் பிளாங்க், செமியோன் என்ற இரண்டு திராட்சைகளின் ஒயின்களைக் கலப்பார்கள். முன்னது புளிப்பும் மணமும் தரும், பின்னது கனம் தரும். தோலை நீக்கிய சாற்றைக் குளிர்ச்சியில் நொதிக்க வைப்பார்கள். நன்றாகக் குளிரவைத்துக் குடித்தால் நம்மூர் நண்டுக்கும் கணவாய்க்கும் அருமையாகப் பொருந்தும்.

ஆனால் சாற்றிலிருந்த இனிப்பு எங்கே போனது? சாயல்குடியில் பனை ஏறுகிறவரைக் கேளுங்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாமல் விட்டால் இனிப்பு குறைந்து கள். இங்கேயும் அதேதான், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கிவிட்டது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை போனால்தான் 1 சதவீதம் ஆல்கஹால் வரும். 12.5 சதவீத ஒயினில் 200 கிராமுக்கு மேல் அப்படிப் போயிருக்கிறது, மிச்சம் பெரும்பாலும் 4 கிராமுக்குள். நாக்குக்குத் தெரியாதது உடம்புக்குத் தெரியும். அரை பாட்டில் என்பது ஏறக்குறைய இரண்டு லார்ஜ் பிராந்தி, இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

வெறும் வயிற்றில் இருக்கும்போது ரத்தத்துக்குச் சர்க்கரை அனுப்புவது கல்லீரல். ஆல்கஹால் அந்த வேலையைத் தடுக்கும், மாத்திரையோ இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். அதனால் குடித்துப் பல மணி நேரம் கழித்து, விடியற்காலையில்கூடச் சர்க்கரை இறங்கலாம்.

சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள். அவர் சரி என்றாலும் ஒரு சின்னக் கிளாஸ், அதுவும் சோற்றோடு. சாப்பிடாமல் படுக்கவே கூடாது. வீட்டிலிருப்பவர்களே, வியர்வை, நடுக்கம், உளறல் என்று பார்த்தால் தூங்கட்டும் என்று விடாதீர்கள், குளுக்கோமீட்டரில் பாருங்கள். நினைவோடு இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவில்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாரே என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் தயவுசெய்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள், கிளிமிபிரைடு போட்டவருக்குச் சர்க்கரை மறுபடியும் இறங்கலாம்.