திரை உறைந்தது, பிட் ஓடியது

கப்பலூர் சிட்கோவில் சுழலும் பிட்டால் (வெட்டுமுனையால்) மரக்கதவு செதுக்கும் ரவுட்டர் மெஷின் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "லேப்டாப் ஹேங் ஆகிடுச்சு சார், மவுஸ்கூட நகரல. ஆனா பிட்டு பாட்டுக்கு தேக்குல பூ போட்டுக்கிட்டிருந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் நின்னுச்சு. எப்படி?"

மெஷினை ஓட்டுவது லேப்டாப் இல்லை என்பதுதான் பதில். அவர் அனுப்பிய படத்தில், வயர்களுக்கு நடுவே ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் பலகை தெரிகிறது. மோட்டார்களை நகர்த்தும் ஜிஆர்பிஎல் என்ற மென்பொருள் ஓடுவது அதில்தான். ஆயுத பூஜைக்கு நாம் சந்தனம் வைப்பது மானிட்டருக்கு. உழைப்பதோ இந்தப் பலகை.

திரையையும் இயக்கத்தையும் ஏன் பிரித்தார்கள்? கணக்குப் போடுவோம். மெஷினை நகர்த்துவது, மின்துடிப்புக்கு ஒரு படியாகத் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டார். அதற்குச் சுற்றுக்கு 200 படி. மோட்டாருக்கு மின்சாரம் ஊட்டும் டிரைவர் ஒவ்வொரு படியையும் 16 ஆகப் பிரித்தால் 3,200 துடிப்பு. மோட்டார் சுழற்றும் திருகு ஒரு சுற்றுக்கு பிட்டை 5 மி.மீ. நகர்த்தினால், மில்லிமீட்டருக்கு 640. நிமிடத்துக்கு 2,400 மி.மீ. வேகத்தில் நொடிக்கு 25,600 துடிப்பு. சுமார் 39 மைக்ரோநொடிக்கு ஒன்று. விண்டோஸ் 40 மில்லிநொடி வேறு வேலை பார்க்கப் போனால் நம் கண்ணுக்கே தெரியாது. அதற்குள் ஆயிரம் துடிப்பு தவறியிருக்கும். ஆகவே திரை கட்டளைகளை முன்கூட்டியே அனுப்பிவைக்கும், பலகை அவற்றை வரிசையில் வைத்துத் தன் கடிகாரப்படி துடிக்கும். லேப்டாப் உறைந்த பிறகும் பூ மலர்ந்தது அந்த வரிசையில் மிச்சமிருந்த கட்டளைகளால்தான்.

சரி, நடுவில் 'நிறுத்து' என்று சொல்லவேண்டுமென்றால்? வந்த எழுத்துகள் காத்திருக்கும் இடமே 128 பைட். அதன் வாலில் போய் நின்றால் கதவு போச்சு. எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இங்கேதான். நிறுத்தும் கட்டளை ஒரே ஓர் ஆச்சரியக்குறி (!). ஒவ்வோர் எழுத்தும் வந்து இறங்கும் கணத்திலேயே சிப் எட்டிப் பார்க்கிறது. ஆச்சரியக்குறி என்றால் வரிசையில் சேர்ப்பதே இல்லை. ஒரு கொடியைத் தூக்கிவிட்டு எழுத்தை உதறிவிடும். கோரிப்பாளையம் சிக்னலில் எல்லாரும் நிற்க, 108 மட்டும் இடுக்கில் புகுந்து போகிறதே, அப்படி.

கொடி ஏறியதும் சடாரென்று நிற்காது. நின்றால் மோட்டார் படிகளைத் தவறவிடும். தான் எங்கே இருக்கிறோம் என்று திருப்பிச் சொல்ல அந்த மோட்டாருக்குத் தெரியாது. அதனால் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, கணக்குக் கலையாமல் நிற்கும். அப்புறம் அலைக்குறி (~) வந்தால் விட்ட இடத்திலிருந்தே செதுக்கும்.

பெரிய மெஷின்களுக்கான லினக்ஸ்சிஎன்சி என்ற மென்பொருளிலும் திரை வேறு, இயக்கம் வேறு. அதன் வேர் அமெரிக்க அரசின் தர நிர்ணய ஆய்வகமான நிஸ்ட். மக்கள் வரிப்பணத்தில் எழுதியதை எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். நம் ஆய்வகங்களுக்கும் அந்த மனசு வரவேண்டும் என்பது என் நெடுநாள் புலம்பல்.

ஆனால் உறைந்த திரையால் ஆச்சரியக்குறியையும் அனுப்ப முடியாது. வரிசை தீர்ந்ததும் நகர்வுதான் நிற்கும். பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் அதே இடத்தில் சுற்றி மரத்தைக் கருக்கும். அதற்காகத்தான் மின்சாரத்தையே துண்டிக்கும் சிவப்புப் பொத்தானைத் தனி வயரில் வைப்பார்கள்.

உங்கள் மெஷினில் அது எங்கே இருக்கிறது என்று வாசகரைக் கேட்டேன். "ஸ்கிரீன்ல, வலது மூலையில சார்" என்றார்.