கறுப்புச் சுரண்டலா, கறுப்பின ஆதாயமா?

‘கறுப்புச் சுரண்டல் சினிமா’ என்ற தொடரை இந்த மாதத்தில் மூன்றாவது முறையாகப் படித்துவிட்டேன். 1970களில் கறுப்பினத்தாரை நாயகர்களாக்கிக் குறைந்த செலவில் வந்த பரபரப்பான அமெரிக்கப் படவகைக்குப் பிளாக்ஸ்பிளாய்டேஷன் என்று பெயர். அதற்கு நம் மொழிபெயர்ப்பாளர்கள் கண்டுபிடித்த தமிழ் இதுதான்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கறுப்பைக் குறிக்கும் பிளாக், எக்ஸ்பிளாய்டேஷன் இரண்டும் ஒட்டிப் பிறந்த சொல் இது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக் கோக்கெயின் வியாபாரியை நாயகனாக்கிய ‘சூப்பர் ஃபிளை’ 1972இல் வந்தபோது, கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் ஹாலிவுட் கிளைத் தலைவர் ஜூனியஸ் கிரிஃபின் இந்தச் சொல்லைக் கண்டனமாகப் புழக்கத்தில் விட்டார்.

தமிழில் சுரண்டல் என்றால் முதலாளி தொழிலாளியின் உழைப்பை உறிஞ்சுவது. இடதுசாரி எழுத்து அந்தப் பொருளை ஆணியடித்து வைத்திருக்கிறது. ஆகவே ‘சுரண்டல் சினிமா’ என்றதும் வாசகர் சாட்டையடி வாங்கும் அடிமைகளைத்தான் நினைப்பார். அங்கே போய்ப் பார்த்தால் ‘ஷாஃப்ட்’ (1971) படத்தில் தோல் அங்கி அணிந்த கறுப்பினத் துப்பறிவாளர் நியூயார்க் தெருவில் நிமிர்ந்து நடக்கிறார். ‘காஃபி’ (1973) படத்தில் பாம் கிரியர் ஏற்ற செவிலி துப்பாக்கியோடு பழிவாங்கக் கிளம்புகிறாள். ஹாலிவுட்டின் தொழில்மொழியில் எக்ஸ்பிளாய்டேஷன் என்பது முதலில் படத்துக்குப் பரபரப்பாக விளம்பரம் தேடும் வேலை. பின்னர், பரபரப்பான ஒரு விஷயத்தை முன்வைத்துக் குறைந்த செலவில் எடுத்து விற்கும் படங்களுக்கு அது பெயரானது. அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டுபவர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

முன்பாதி இன்னும் மோசம். தமிழில் கறுப்புப் பணம், கறுப்புச் சந்தை என்றால் கள்ளத்தனம். ‘கறுப்புச் சுரண்டல்’ வருமான வரிச் சோதனையைத்தான் நினைவூட்டுகிறது. மனிதரைச் சொல்லும்போது கறுப்பினம் என்றே சொல்ல வேண்டும். அதுவும் வல்லின றகரத்தோடு. ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்கிறது தொல்காப்பியம். சினத்தையே மூலதனமாகக் கொண்ட இந்தப் படங்களுக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து கிடைக்குமா?

கிரிஃபின் சொன்னது குற்றச்சாட்டுதானே என்று கேட்கலாம். ஆம், கறுப்பினத்தாரின் கோபத்தைக் காசாக்குகிறார்கள் என்பதே குற்றச்சாட்டு. ஆனால் கறுப்பின இயக்குநர் மெல்வின் வான் பீபிள்ஸ் 1971இல் தன் படத்தை முதலில் டெட்ராய்ட், அட்லாண்டா என இரண்டே அரங்குகளில் வெளியிட்டார். அது பல லட்சம் டாலர்களை ஈட்டியது. அவரும் சுரண்டல்காரரா? இந்தப் படங்களில் நடித்த ஃபிரெட் வில்லியம்சன் இந்தப் பெயரையே ஏற்கவில்லை. பழிக்கும் பிழைப்புக்கும் இடையில் ஆடும் சொல்லுக்கு, அப்படியே ஆடும் தமிழ்ச் சொல்தான் வேண்டும். ‘கடையில் நல்ல ஆதாயம்’ என்றால் பழியில்லை. ‘அடுத்தவன் துயரத்தில் ஆதாயம் பார்த்தான்’ என்றால் பழி. எனவே கறுப்பின ஆதாயப் படம். ஆதாயம் தனித்தமிழா என்று என்னிடம் சண்டைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: புரியாத தூய்மையைவிடப் புரிகிற சொல் எனக்கு முக்கியம்.

இந்த வகைக்குள் இருக்கும் வெஸ்டர்ன் படங்களை ‘கறுப்பின மேற்கத்தியப் படம்’ என்கிறார்கள். மேற்கத்திய இசை, மேற்கத்திய உடை என்றால் நமக்கு ஐரோப்பா. இங்கே மேற்கு என்பது உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவின் மேற்குப் புறம். சிட்னி பாய்ட்டியே இயக்கி நடித்த ‘பக் அண்ட் த பிரீச்சர்’ (1972) படத்தில், விடுதலை பெற்ற அடிமைகள் வண்டிகளில் மேற்கு நோக்கிப் போகிறார்கள். அவர்களைப் பழைய வயல்களுக்கே விரட்டிக்கொண்டுபோக வெள்ளையர் கூட்டம் துரத்துகிறது. சுரண்டல் என்ற சொல் பொருந்துவது அந்தத் துரத்தலுக்கு. அதை வகைப் பெயரிலேயே செலவழித்துவிட்டால் இந்தக் கதையை எந்தச் சொல்லால் சொல்வது?

ஜெய்சங்கர் குதிரையேறிய காலத்திலிருந்தே நம் மக்களிடம் இதற்குப் பெயர் இருக்கிறது: கௌபாய் படம். அமெரிக்காவின் உண்மையான கௌபாய்களிலும் கறுப்பினத்தார் ஏராளம். கறுப்பின கௌபாய் படம் என்று எழுதுங்கள்.