நள்ளிரவு 12.40 என்றால் எந்த ராத்திரி?

என் கடைக்கு விமான டிக்கெட் போட வருகிறவர்கள் முதலில் கேட்பது, "திருச்சியிலிருந்து சிங்கப்பூர் எத்தனை மணி நேரம் சார்?" சுமார் நாலேகால் மணி நேரம் என்பேன். டிக்கெட்டை நீட்டியதும் சந்தேகம் வந்துவிடும். "ராத்திரி 11.15க்குக் கிளம்பி காலை 6 மணிக்குத்தான் போகும்னு இருக்கே?" திரும்பி வரும் டிக்கெட் இன்னும் வேடிக்கை: அங்கே இரவு 8.15, இங்கே 10.00. "போறப்ப மாட்டுவண்டி, வர்றப்ப ராக்கெட்டா?" என்று ஒரு பெரியவர் கேட்டே விட்டார்.

டிக்கெட்டில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. (1981 வரை இரண்டு மணி நேரம்தான். 1982 பிறந்தபோது அவர்கள் கடிகாரத்தை அரை மணி தள்ளி வைத்துக்கொண்டார்கள்.) போகும்போது இரண்டரையைக் கழியுங்கள், வரும்போது கூட்டுங்கள். இரண்டுமே நாலேகால்தான். தூரம் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் மூன்றரை மணி நேரத்தில் கடந்துவிடலாமே என்றால், ஓடுபாதைக்கு உருண்டு போவது, ஏறுவது, இறங்குவது, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இடம் கிடைக்கக் காத்திருப்பது எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

சரி, இது புரியாவிட்டாலும் காசு போகாது. காசு போவது தேதியில்.

பட்டுக்கோட்டைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, மகள் பிரசவத்துக்காகப் புறப்பட்டது. டிக்கெட்டில் 15ஆம் தேதி ஞாயிறு, 00.40. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வேன் பிடித்து, பிரசவ மருந்தும் முறுக்கு டின்னுமாகத் திருச்சிக்கு வந்து இறங்கினார்கள். விமானமோ முந்தின ராத்திரியே போய்விட்டது. நமக்கு விடிந்தால்தான் மறுநாள். விமானக் கம்பெனிக்கு 12 அடித்தாலே மறுநாள். அவர்கள் சனிக்கிழமை ராத்திரி 9 மணிக்கே அங்கே இருந்திருக்க வேண்டும்.

போகும் டிக்கெட்டை 'நோ-ஷோ' (ஆள் வரவில்லை) என்று எழுதிவிட்டால், அதோடு சேர்த்து எடுத்த திரும்பும் டிக்கெட்டும் பெரும்பாலும் தானாகவே ரத்தாகிவிடும். இது பலருக்குத் தெரிவதில்லை. மலிவு டிக்கெட்டில் கட்டணம் திரும்பாது. ஆனால் வரியும் விமான நிலையக் கட்டணங்களும் பயணம் செய்யாதவருக்குத் திருப்பித் தரப்பட வேண்டும் என்று நம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். அந்தக் குடும்பத்துக்கும் அவ்வளவுதான் மிஞ்சியது. தப்பில் எனக்கும் பங்குண்டு. தாளைக் கொடுத்துவிட்டு, "பத்திரமா போய்ட்டு வாங்கம்மா" என்று சொன்னதோடு என் வேலை முடிந்ததாக நினைத்தேன்.

அப்புறம் என் கடையில் ஒரு பழக்கம் வந்தது. நள்ளிரவு தாண்டிய டிக்கெட் என்றால் சிவப்புப் பேனாவால் மேலே எழுதிவிடுவேன்: "சனி ராத்திரி 9 மணிக்கு ஏர்போர்ட்டில் இருக்கவும்." கவுன்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள் என்பதையும் வாயால் சொல்லிவிடுவேன்.

இதே குழப்பம் 11.15 விமானத்தில் தலைகீழாக வரும். 14ஆம் தேதி ஏறினால் இறங்குவது 15. சிங்கப்பூர் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்பும்போது 15 என்றுதான் போட வேண்டும். அந்த அட்டையையும், போய் இறங்கும் நாளையும் சேர்த்துக் கடைசி மூன்று நாளுக்குள்தான் அனுப்ப முடியும். ஹோட்டலில் 15 முதல் அறை போட்டிருந்தாலும் மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் சாவி தருவார்கள். விடிகாலையில் போய் நிற்பவர்கள் பெட்டியை மட்டும் வரவேற்பில் வைத்துவிட்டு, நம்மூர்க் கடைகள் இருக்கும் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் இட்லி சாப்பிடப் போய்வரலாம்.