கஸ்டம்ஸ், சுங்கம், உல்கு: மருந்துப் பார்சல் எதற்காக நிற்கிறது?

வெளிநாட்டிலிருந்து வரும் மருந்து நின்றுவிட்டால் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் சொல்வது ஒன்றுதான்: "பார்சல் கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சு." அடுத்த கேள்வியும் உடனே வரும்: "எவ்வளவு கட்டணும்?" செல்போனுக்கு அது சரியான கேள்வி. மருந்துக்கு அது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. கஸ்டம்ஸ் என்றாலே பணம் கட்டும் இடம் என்று நாம் பழகியிருப்பதற்கு அந்தச் சொல்லின் வரலாறே ஒரு காரணம்.

ஆங்கிலத்தில் 'கஸ்டம்' என்றால் வழக்கம். லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். சரக்கு கொண்டுவருகிறவர்கள் வழக்கமாகச் செலுத்தி வந்த பணத்துக்கு அதுவே பெயராகி, பிறகு அதை வசூலிக்கும் துறைக்கும் பெயரானது.

நம் பக்கம் சுங்கம். பாலி மொழியில் 'சுங்க', சமஸ்கிருதத்தில் 'சுல்க', தெலுங்கில் 'சுங்கமு'. எல்லாம் வரியையே குறிக்கும். சுல்கவிலிருந்து பிராகிருதம் வழியாகத் தமிழுக்கு வந்தது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பெயர் உண்டு. சாலையில் வாங்கும் பணத்துக்கும் இதே சொல்தான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நாம் 'டோல்கேட்' என்று சொல்லி இறங்கும் இடம் தமிழில் சுங்கச்சாவடி.

இன்னும் பழைய சொல் உல்கு. "உறுபொருளும் உல்கு பொருளும்" என்று தொடங்குகிறது 756-ஆம் குறள். உல்கு என்பது சுங்கம், கலத்திலும் காலிலும் வரும் பண்டங்களுக்கான இறை என்று பரிமேலழகர் உரை சொல்கிறது. கப்பலில் வந்தாலும் கால்நடையாக வந்தாலும் வரி உண்டு என்று பொருள். உல்கும் சுல்கவோடு உறவுடையது என்பவர்கள் உண்டு, அதை மறுப்பவர்களும் உண்டு. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்க அலுவலர்கள் சோர்வில்லாமல் உல்கு வாங்குகிறார்கள். அதோடு வேலை முடிவதில்லை. கடலிலிருந்து கரையேறிய மூட்டைக்கும், கரையிலிருந்து கடலுக்குப் போகும் மூட்டைக்கும் புலி முத்திரை குத்தித்தான் வெளியே அனுப்புகிறார்கள். வரி ஒன்று, முத்திரை ஒன்று. மருந்து விஷயத்தில் நமக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது இந்த இரண்டாவது.

இந்தியாவில் மருந்து இறக்குமதியை ஆள்வது 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப்பொருட்கள் சட்டமும் 1945-ஆம் ஆண்டின் விதிகளும். முறைப்படி உரிமம் வேண்டும். சொந்த உபயோகத்துக்கு மட்டும் 36-ஆம் விதி ஒரு வழி விடுகிறது. பயணி தன் சாமானோடு மருந்தைக் கொண்டுவரலாம், சுங்க அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும், எந்த ஒரு மருந்தும் 100 சராசரி 'டோஸ்' அளவைத் தாண்டக் கூடாது. டோஸுக்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: வேளை. வேளைக்கு ஒன்றாக ஒரு நாளில் இரண்டு மாத்திரை போடுகிறவருக்கு 100 வேளை என்பது 50 நாள்தான். மூன்று மாத மருந்தை ஒரே மூச்சில் அள்ளி வருகிறவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 'சொந்த உபயோகம்' என்று விதி சொல்வது அந்தப் பயணியின் உபயோகத்தைத்தான். சிங்கப்பூரிலிருந்து வரும் மச்சான் காசிமேட்டில் இருக்கும் மாமாவுக்காக எடுத்து வரும் மாத்திரை எழுத்துப்படி இதில் அடங்காது. கூரியரில் வருவதும் அடங்காது. அவற்றுக்குப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டோடு 12-ஏ படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அளவு நியாயமானது, நோயாளிக்குத்தான் என்று மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஏற்றுக்கொண்டால் 12-பி என்ற அனுமதியைத் தருவார். தருவது சுங்கத் துறை அல்ல, மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு. ஆகவே பார்சல் வந்த பிறகு ஓடுவதைவிட, ஆர்டர் போடும் முன்பே 12-பி-யைக் கையில் வைத்திருப்பது எவ்வளவோ மேல். உடம்புக்கு முடியாதவர் வீட்டில் காத்திருக்கும்போது ஒவ்வொரு நாளும் கனம்தானே. போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் சில வலி மருந்துகளும் தூக்க மாத்திரைகளும் தனி வகை. அவற்றை முன்கூட்டியே கேட்காமல் வாங்கவே வேண்டாம்.

அப்புறம்தான் வரி. அதிலும் ஒரு சலுகை உண்டு. 2021-ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையில் பட்டியலிட்ட நோய்களுக்குச் சொந்த உபயோகமாக வரவழைக்கும் மருந்துக்கு, 1 ஏப்ரல் 2023 முதல் அடிப்படைச் சுங்க வரி முழுவதும் விலக்கு. சுகாதாரத் துறை இயக்குநர் அல்லது மாவட்ட மருத்துவ அலுவலர் போன்றோரின் சான்றிதழ் தேவை.

சரி, கஸ்டம்ஸுக்குத் தமிழ் எது? தனித்தமிழ் வேண்டுபவர்கள் 'ஆயம்' என்பார்கள். அழகான பழஞ்சொல்தான், ஆனால் ஆயத்தீர்வை இன்று உள்நாட்டு உற்பத்தி வரிக்குப் பெயராகிவிட்டதால் குழப்பும். உல்கைப் பேச்சில் புழங்கவிட முடியாது. சுங்கமே இருக்கட்டும், ஆனால் பிரித்துச் சொல்வோம்: கட்டும் பணம் சுங்க வரி, சரக்கை வெளியே விடுவது சுங்க விடுவிப்பு, 12-பி மருந்து இறக்குமதி அனுமதி. கூரியர்காரர் "கஸ்டம்ஸ்ல நிக்குது" என்று போன் செய்தால், நிற்பது வரிக்காகவா அனுமதிக்காகவா என்று கேளுங்கள். எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.