புல்லுக்கு அடியில் மக்காமல் கிடப்பது

பாளையங்கோட்டைப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் பலர் முன்னால் கொஞ்சம் இடம் விட்டுக் கொரியன் புல் போடுகிறார்கள். முதல் இரண்டு வருடம் கண்ணைப் பறிக்கும். அப்புறம் மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்கும்; தினமும் தண்ணீர் விட்டும் திட்டுத் திட்டாகக் காயும். உரம் போதவில்லை என்று இன்னும் ஒரு கை யூரியாவை வீசுவார்கள். கெடுவது அங்கேதான்.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை மண்ணோடு கத்தியால் அறுத்து எடுத்துப் பாருங்கள். மேலே பச்சை, கீழே மண். இடையில் பழுப்பாகப் பின்னிக் கிடக்கும் நார்ப்படலம். வெட்டிப்போட்ட புல்நுனிதான் காரணம் என்று பலரும் அதன்மேல் பழியைப் போடுகிறார்கள். பாவம், நுனியில் பெரும்பகுதி தண்ணீர், சீக்கிரம் மக்கிவிடும். மக்காமல் கிடப்பவை ஓடுதண்டும் (படர்ந்து ஓடும் தண்டு) பழைய வேரும். அவற்றில் தண்டை விறைப்பாக்கும் லிக்னின் என்ற பொருள் அதிகம். அதைச் சிதைக்கப் பெரும்பாலும் பூஞ்சைகளால்தான் முடியும். அதற்கு அவற்றுக்குக் காற்று வேண்டும்.

யூரியாவை அள்ளிப் போட்டால் பூஞ்சை தின்னும் வேகத்தை மிஞ்சித் தண்டு பெருகுகிறது. பூச்சிமருந்து, மண்ணைக் கிளறிவிடும் மண்புழுவைக் கொல்கிறது. கரிசல் இறுகிவிட்டாலோ காற்றும் போவதில்லை.

படலம் அரை இஞ்சுக்குள் இருந்தால் நல்லதே, மண்ணை வெயிலிலிருந்து காக்கும். அதற்குமேல் போனால் வேர் மண்ணுக்குள் இறங்காமல் படலத்திலேயே படர்கிறது. காய்ந்த நாரோ தண்ணீரை உள்ளே விடாது. ஆனி, ஆடிக் காற்று அடித்தால் இந்தப் புல்தான் முதலில் வாடும்.

சுரண்டி எடுக்க, பனி விலகிப் புல் துளிர்க்கும் மாசி நல்ல சமயம். சித்திரை வெயிலில் தொடவே வேண்டாம். புல்லை ஒட்ட வெட்டிவிட்டு, இரும்புப் பல் வைத்த வாரியால் ஒரு திசையில் அழுத்தி இழுத்து, பிறகு குறுக்கே இழுக்க வேண்டும். சாக்குக் கணக்கில் நார் வரும். தரை மொட்டையாகத் தெரியும். பயப்பட வேண்டாம். கொரியன் புல்லுக்கும் அருகுக்கும் மண்ணுக்குள்ளும் தண்டு உண்டு, அதிலிருந்து துளிர்க்கும். கொரியன் கொஞ்சம் மெதுவாகத்தான் எழும்பும் என்பதால், படலம் தடிமனாக இருந்தால் ஒரே தடவையில் எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். அகல இலை பஃபலோ புல் வேறு கதை: ஓடுதண்டு மண்ணுக்கு மேலேயே கிடக்கும், அழுத்திச் சுரண்டினால் புல்லே போய்விடும். அங்கே காற்று போகத் தரையில் துளை போட்டுவிடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முடித்ததும் அதே தரை மண்ணைச் சலித்து, மக்கிய சாணியுரம் கலந்து, புல்நுனி வெளியே தெரியும்படி மெல்லத் தூவுங்கள். எஞ்சிய நாரைத் தின்னும் நுண்ணுயிர்கள் அதோடு உள்ளே போகும். புது வேர் பிடித்த பிறகு, தினமும் தெளிப்பதை விட்டு, மண் காய்ந்தபின் ஆழமாக நனைத்தால் போதும்.