மான்ஸ்டர்: அரக்கன் அல்ல, பூதம்

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மொட்டைமாடி அறை. சனிக்கிழமை சாயங்காலமானால் ஆறு பேர் அங்கே உட்கார்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டு அது. ஐந்து பேருக்கு வீட்டில் தமிழ், ஒருத்திக்குத் துளு. ஆட்டம் தமிழில்தான் நடக்கும். கதவைத் திறப்பதும் வாளை உருவுவதும் புதையலுக்குச் சண்டை போடுவதும் தமிழில். கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பதற்கு மட்டும் ரொம்ப நாளாக ‘மான்ஸ்டர்’ என்ற பெயரே இருந்தது. கதை நடத்துபவன் நான் என்பதால் அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

தமிழில் என்ன என்று கேட்டால் முதலில் வருவது ‘அரக்கன்’. செய்தித்தாளும் டப்பிங் படமும் பழக்கிவிட்ட சொல். இந்த ஆட்டத்துக்கு அது பொருந்தாது.

சொல்லின் வேரைப் பார்ப்போம். லத்தீனில் ‘மோன்ஸ்ட்ரும்’. ‘மோனேரே’ என்ற வினையிலிருந்து வந்தது. எச்சரிப்பது, நினைவூட்டுவது என்று பொருள். இரண்டு தலையோடு ஒரு கன்று பிறந்தால் ரோமானியர்களுக்கு அது தெய்வம் அனுப்பிய செய்தி. நம் பாட்டிமார் ‘உற்பாதம்’ என்பார்களே, அதேதான். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன பிறகு எச்சரிக்கை மெல்ல மறைந்து, எச்சரிக்கையாக வந்த அந்த விபரீத உருவமே சொல்லுக்குப் பொருளாகிவிட்டது.

ஆட்டத்துக்குள் வந்ததும் பொருள் இன்னொரு முறை மாறியது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய இந்த ஆட்டம் 1974-இல் வெளியானது. அதன் உயிர்களையெல்லாம் பட்டியலிட்டு 1977-இல் வந்த மான்ஸ்டர் மேனுவல் என்ற புத்தகம் தொடக்கத்திலேயே விளக்கிவிடுகிறது: பகையோ இல்லையோ, மனிதரோ விலங்கோ, வழியில் எதிர்ப்படும் எந்த உயிரும் மான்ஸ்டர்தான். 2014 பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போய், ஒன்றும் செய்யாத தவளையையும் நல்லதே செய்யும் ஒற்றைக்கொம்புக் குதிரையையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறது. தவளையை அரக்கன் என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு சிக்கலும் உண்டு. அரக்கன் என்பது வடமொழி ராட்சசனின் தமிழ் வடிவம். அந்த ராட்சசன் 1977 புத்தகத்திலேயே தனி ஆளாக இடம்பிடித்துவிட்டான். 2014 பதிப்பில் அவனுக்குப் புலித்தலை, புறங்கை இருக்க வேண்டிய பக்கம் உள்ளங்கை. ஓர் இனத்தின் பெயரை எல்லா இனத்துக்கும் பொதுப்பெயராக வைத்தால் ஆட்டத்தின் நடுவில் குழப்பம்தான் மிஞ்சும்.

சங்க இலக்கியத்தில் ‘சூர்’ இருக்கிறது, ‘அணங்கு’ இருக்கிறது. இரண்டும் அழகான சொற்கள். அஞ்ச வைப்பது, வருத்துவது என்று அந்த உயிர் நமக்கு என்ன செய்கிறதோ அதுவே அதன் பெயர். ஆனால் இரண்டிலும் அச்சம் உள்ளேயே இருக்கிறது. தவளைக்கும் குதிரைக்கும் அங்கேயும் இடமில்லை. கடைசிக் குகையில் காத்திருக்கும் பெரிய எதிரிக்கு நான் ‘சூர்’ என்றே சொல்கிறேன். தனித்தமிழ்தான் வேண்டும் என்பவர்கள் அதையே பொதுச்சொல்லாக எடுத்துக்கொண்டாலும் எனக்கு மறுப்பில்லை.

பொதுச்சொல்லாக நான் தேர்ந்தெடுத்தது ‘பூதம்’. இதுவும் வடமொழி வேர்தான், மறைக்கவில்லை. ஆனால் அந்த வேரின் பொருளே ‘உண்டானது, உயிர்’ என்பதுதான். நல்லது கெட்டது என்ற தீர்ப்பு அதில் கிடையாது. சிவனைச் சுற்றிக் கூத்தாடுவது பூதகணம், புதையலைக் காப்பது பூதம், கிணறு வெட்டினால் கிளம்புவதும் பூதம். நிலத்தடி அறைகளைத் தோண்டித் தோண்டிப் புதையல் தேடும் ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

பூதத்தை உருவாக்கும் வேலையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கைகாக்ஸ் மலிவான ஹாங்காங் பிளாஸ்டிக் பொம்மைகளை வாங்கிவந்து, அவற்றின் உருவத்திலிருந்தே சில உயிர்களைப் படைத்தார். ஆந்தையும் கரடியும் சேர்ந்த ஒன்று, இரும்பைத் துருவாக்கித் தின்னும் ஒன்று, இரண்டும் அப்படி வந்தவைதான். உடலைக் கலந்து உயிர் படைப்பது நம் கோயில் தூண் யாளியிலும் பார்த்ததுதான். அப்புறம் எண்கள். அடி விழ எவ்வளவு வேண்டும் என்பது ‘கவச எண்’, எவ்வளவு அடி தாங்கும் என்பது ‘உயிர்ப்புள்ளி’. தாக்குபவர் இருபது முகப் பகடையை உருட்டித் தன் திறனைக் கூட்டுவார். கவச எண்ணைத் தொட்டால் அடி விழும். ஆனால் எண்கள் மட்டும் பூதமாகிவிடாது. யாரைப் பிடிக்கும், யாரை விடும், எதற்கு மசியாது என்பது தெரிந்தால்தான் அதற்கு உயிர் வரும்.

இதை நான் கற்றுக்கொண்டது சிலப்பதிகாரத்தில். புகாரின் சதுக்கத்தில் ஒரு பூதம். பொய்த் தவசி, பொய்ச்சாட்சி சொல்பவன், புறங்கூறுபவன், பிறன் மனைவியை விரும்புபவன் என்று அது பிடிப்பவர்களின் பட்டியலே இருக்கிறது. ‘காதம் நான்கும் கடுங்குரல் எடுப்பிப் பூதம் புடைத்துணும்’ என்கிறார் இளங்கோ. குரல் எட்டும் தூரம் நான்கு காதம், ஆயுதம் பாசக்கயிறு, இலக்கு யார் என்பதும் தெளிவு. ஒரு கதைநடத்துனருக்கு வேறென்ன வேண்டும்? கவச எண் 16, உயிர்ப்புள்ளி 110 என்று குறித்து, அந்தப் பூதத்தை எங்கள் கதையின் சந்தைச் சதுக்கத்தில் நிறுத்தினேன்.

எங்கள் கூட்டத்துத் திருடன் இரண்டு வாரம் முன்பு ஓர் ஊர்ப் பஞ்சாயத்தில் பொய்ச்சாட்சி சொல்லியிருந்தான். எல்லோரும் மறந்துவிட்டார்கள், பூதம் மறக்கவில்லை. கயிறு நேராக அவன் கழுத்துக்குப் போனது. கூட்டத்து வீரன் பாய்ந்து வெட்டினான். பகடையில் 7, திறன் 6, கூட்டினால் 13. அடி விழவில்லை. மந்திரக்காரியின் நெருப்பு பட்டது. பூதம் அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள்மேல் அதற்கு வழக்கு இல்லையே. அப்போது வீரன் பகடையைக் கீழே வைத்துவிட்டு, “அவனை விடு, என்னை எடுத்துக்கோ” என்றான்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. கோவலன் கேட்டதும் இதுதான். பொய்ச்சாட்சி சொல்லி அகப்பட்ட ஒருவனின் தாய் படும் துயரம் தாங்காமல், என் உயிரை எடுத்துக்கொண்டு இவன் உயிரைக் கொடு என்று அவன் மன்றாடினான். இந்த வீரனாக ஆடும் பையன் சிலப்பதிகாரம் படித்ததில்லை. நோட்டில் எழுதி வைத்திருந்த பூதத்தின் பதிலை அப்படியே வாசித்தேன்: ‘நரகன் உயிர்க்கு நல்லுயிர் கொண்டு பரகதி இழக்கும் பண்பு ஈங்கு இல்லை’. கெட்டவனின் உயிருக்கு ஈடாக நல்ல உயிரை வாங்கித் தன் மறுமையை இழக்கும் வழக்கம் இங்கே இல்லை என்று பொருள் சொன்னபோது அறையில் யாரும் பேசவில்லை.

துளுக்காரத் தோழிதான் முதலில் வாய் திறந்தாள். “எங்க ஊர்ல பூதத்துக்குக் கோலான்னு சாமியாட்டம் நடத்துவோம். பஞ்சுர்லிங்கற பூதம் வந்து நியாயம் சொல்லும், நாங்க கேட்டுப்போம். நீங்க பார்த்த உடனே வாளை எடுக்கறீங்க” என்றாள். அவள் சொன்னது சரி. அன்றிலிருந்து எங்கள் மேசையில் ஒரு விதி: எந்தப் பூதம் வந்தாலும் முதல் சுற்று பேச்சுக்கு. சண்டை அதற்கப்புறம்தான்.

திருடன் போய்விட்டான். அவனை ஆடியவர் அடுத்த வாரம் ஒரு வணிகனை உருவாக்கிக்கொண்டு வந்தார். ஆட்டம் தொடங்கும் முன் என்னிடம் ஒன்று கேட்டார்: பூதம் தின்றவனுடைய தாயைக் கோவலன் அப்புறம் என்ன செய்தான்? அவளையும் அவள் சுற்றத்தையும் பல்லாண்டு காப்பாற்றினான் என்றேன். வணிகனின் பொருள் பட்டியலில் பென்சிலால் ஒரு வரி சேர்த்தார்: ‘திருடனின் அம்மாவுக்கு, மாதம் பத்துப் பொன்.’