டூரிசம் ப்ராஜெக்ட் பண்றவங்களே, ஃபார்ம் நீட்டறதுக்கு முன்னாடி உக்காந்து பேசுங்க

டூரிசம் படிக்கிற பசங்களோட ப்ராஜெக்ட்டுக்கு நான் கைடா இருக்கேன், வருஷா வருஷம் ஒரே மாதிரி ஃபார்ம் தான் வருது. மாமல்லபுரம் போவாங்க, கடற்கரைக் கோயில் வாசல்ல வர்றவங்கள நிறுத்தி சுத்தம் எப்படி, அனுபவம் எப்படின்னு 5க்கு மார்க் வாங்கிட்டு வந்து டேபிள் போட்டுடுவாங்க. எத்தனை பேர் வந்தாங்க, எவ்ளோ செலவு பண்ணாங்கன்னு தெரிய சர்வே கண்டிப்பா வேணும். ஆனா சுற்றுலா அந்த ஊரை என்ன பண்ணுதுன்னு அதுல தெரியாது, ஊர்க்காரங்கள யாரும் கேக்கவே இல்லியே!

சிற்பக் கடைக்காரர்கிட்ட 'டூரிஸ்ட்டால வருமானம் கூடிருக்கா'ன்னு கேட்டா 'ஆமாங்க'ம்பாரு, அவ்ளோதான். அதே ஆள்கிட்ட வியாபாரம் டல்லா இருக்கிற மத்தியானத்துல போய் 'அண்ணே, நேத்து என்னென்ன வித்துச்சு, காலைலேருந்து சொல்லுங்க'ன்னு கேட்டுட்டு நடுவுல பேசாம இருங்க. பெட்டியில வெச்சு எடுத்துட்டுப் போற சைஸ் பிள்ளையார் தான் போகுது, பின்னாடி மெஷின்ல அறுத்து கிரைண்டர் ஓட்டி முடிச்சுடறோம், வாசல்ல உளியோட ஒருத்தர் உக்காந்திருக்கறது வர்றவங்க பாக்கத்தான்னு அவரே சொல்வாரு. டீன் மெக்கானல்ங்கற அமெரிக்க சமூகவியல் ஆய்வாளர் 1973லயே இதைப் பத்தி எழுதிட்டாரு, டூரிஸ்ட்டுக்கு நிஜம்னு காட்டறதே அவங்களுக்காகப் போட்ட மேடையா இருக்கலாம்னு. அந்த டூரிஸ்ட் போடற 4 மார்க்ல இது எப்படிங்க தெரியும்?

பேசப் போறப்ப லாட்ஜ் ஓனரையோ டூரிஸ்ட் கைடையோ கூட்டிட்டுப் போகாதீங்க, அவங்க நின்னா எல்லாருக்கும் எல்லாமே நல்லாதான் இருக்கும். ரெக்கார்ட் பண்றதுன்னா கேட்டுட்டுப் பண்ணுங்க. அன்னைக்கு ராத்திரியே அவங்க சொன்ன வார்த்தையிலயே எழுதிடுங்க. வைவால 'இத்தனை பேர் தானா'ன்னு கேப்பாங்க, பயப்படாதீங்க, புதுசா எதுவும் வராம அதே விஷயமே திரும்பத் திரும்ப வர்ற வரைக்கும் பேசணும்ங்கறது கணக்கு, கிளேசர், ஸ்ட்ராஸ்னு ரெண்டு சமூகவியல் ஆய்வாளர்கள் 1967ல சொன்னது. ஆனா சிற்பிங்களோட மட்டும் நின்னுடாம மீன்பிடிக்கிறவங்க, ஆட்டோ ஓட்றவங்க, லாட்ஜ்ல ரூம் கூட்டறவங்கன்னு மாத்தி மாத்திப் போயிருக்கணும்.

இன்னொண்ணு, இதை யாருமே கவனிக்கறதில்ல. பேர் போடலன்னா பாதுகாப்புன்னு நெனைக்கிறோம். 'கலங்கரை விளக்கம் பக்கம் பாசிமணி விக்கிற அக்கா'ன்னு எழுதினா ஊருக்கே யாருன்னு தெரிஞ்சுடும், அங்க உக்கார யாருக்குக் காசு குடுக்கறாங்கன்னு அவங்க நம்பிச் சொன்னதும் அதே பக்கத்துல இருந்தா அந்த எடமே போயிடும். விக்கிற பொருளை, எடத்தை மாத்தி எழுதுங்க, சப்மிட் பண்றதுக்கு முன்னாடி அவங்ககிட்டயே படிச்சுக் காட்டுங்க. ஒரு வரி வேணாம்னு சொன்னா, உங்க ரிப்போர்ட்லயே அதுதான் நல்ல வரியா இருந்தாலும் எடுத்துடுங்க.